லைக் வந்தது, தண்ணீர் வந்ததா?

போன தை மாசம் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊருக்குப் போயிருந்தேன். வத்தலக்குண்டிலிருந்து சித்தரேவு, பெரும்பாறை வழியாக மலையேறி, பஸ்ஸை விட்டு இறங்கி, காப்பித் தோட்டத்து வரப்பில் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். என் முழங்காலுக்கு ஒன்றரை மணி நேரம். நான் கமிட்டி உறுப்பினராக இருக்கும் தொண்டு நிறுவனம் அந்த ஊருக்குக் குடிதண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுத்திருந்தது. மேலே ஒரு ஊற்று, அங்கே சின்னத் தொட்டி, அங்கிருந்து கறுப்பு ஹோஸ், ஊருக்குள் இரண்டு குழாய். அவ்வளவுதான் திட்டம். சித்திரையில் திறப்பு விழா நடந்தது. முதல் குடம் பிடித்த அம்மாவின் படம் எங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் இன்னமும் முகப்புப் படமாக இருந்தது. சுருக்கம் விழுந்த முகம், பொக்கை வாய்ச் சிரிப்பு, இடுப்பில் குடம். நல்ல படம்தான்.

அந்த அம்மாவே என்னை அடையாளம் கண்டுகொண்டார். திண்ணையில் உட்காரச் சொல்லி கடுங்காப்பி கொடுத்தார். பிறகு கேட்டார்.

"என் மூஞ்சி உங்க கம்ப்யூட்டர்ல இருக்காம்ல? பேரன் போன்ல காட்டுனான். எத்தனையோ பேரு பாத்திருக்காகளாம். ஒருத்தராச்சும் தண்ணி வருதான்னு கேட்டாகளாய்யா?"

எனக்குக் காப்பி தொண்டையில் நின்றது. குழாய் ஆடி மாசமே நின்றுவிட்டதாம். காட்டெருமை மிதித்து மேலே ஹோஸ் உடைந்திருக்கிறது. அதிலிருந்து ஊர்ப் பெண்கள் பழையபடி ஓடைக்கே போய்க்கொண்டிருந்தார்கள். ஆறு மாசம்.

இதில் எனக்கு ரொம்ப உறைத்தது ஹோஸ் உடைந்த சங்கதி இல்லை. மலையில் ஹோஸ் உடையத்தான் செய்யும். அந்தப் பேரன், திண்டுக்கல்லில் படிக்கும் பையன், எங்கள் பக்கத்தில் அந்தப் படத்துக்குக் கீழேயே மூன்று தடவை எழுதியிருக்கிறான்: "தண்ணி வரல." முதல் தடவைக்கு எங்கள் தரப்பிலிருந்து கைகூப்பும் பொம்மை ஒன்று பதிலாகப் போயிருக்கிறது. இரண்டாவதற்கு ஒன்றுமில்லை. மூன்றாவதை யாரோ மறைத்து வைத்துவிட்டார்கள். படம் மட்டும் லைக் வாங்கிக்கொண்டே இருந்தது.

அன்றைக்குக் கீழே இறங்கி வரும்போது பஸ்ஸில் நினைத்தேன், இதை எழுதாமல் விடக்கூடாது என்று.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொலைபேசித் துறையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் கொடைக்கானல் மலையில். தபால் தந்தித் துறையாக இருந்தபோது சேர்ந்து, பி.எஸ்.என்.எல். ஆன பிறகு ஓய்வு பெற்றேன். டிரங்க் கால் போட்டுவிட்டு ராத்திரி முழுக்கக் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுந்தால், மேகத்துக்குள் கம்பத்தைத் தேடி நடந்திருக்கிறேன். அதனால் 'இந்தக் கிழவனுக்கு நவீனம் பிடிக்காது, செல்போனைக் கண்டால் ஆகாது' என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மனுஷனும் மனுஷனும் தூரத்திலிருந்து பேசிக்கொள்வதற்காகவே உழைத்துச் சம்பளம் வாங்கியவன் நான்.

பழைய கறுப்பு டெலிபோனில் கையில் எடுக்கிற பாகத்துக்கு என்ன பெயர்? ரிசீவர். பேசுவதும் அதில்தான், கேட்பதும் அதில்தான். ஆனாலும் ஊரெல்லாம் அதற்கு வழங்கிய பெயர் ரிசீவர், வாங்கிக்கொள்கிறது என்று அர்த்தம். இன்றைக்குத் தொண்டு நிறுவனங்கள் கையில் வைத்திருக்கும் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் இரண்டு முனையும் இருக்கிறது. காது முனையில் பஞ்சை அடைத்துவிட்டு வாய் முனையில் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என் புகார் இந்த ஒரு வரிதான். மீதி விளக்கம்.

எங்கள் செயலாளர் நல்ல பையன். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவன், உழைப்பாளி. அவனிடம் போய் சத்தம் போட்டேன்.

"சார், நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. டோனருங்க இப்ப முதல்ல பேஜைத்தான் பாக்குறாங்க. வாரம் மூணு போஸ்ட் போடலேன்னா நிறுவனம் செத்துப் போச்சுன்னு நினைச்சுக்கிறாங்க. முகம் தெரியிற படம் போட்டாத்தான் ஆளுங்க நின்னு பாக்குறாங்க. பயிற்சியிலயே அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க" என்றான்.

"தம்பி, அந்தப் பயிற்சியில, கீழ எழுதுறவனுக்கு யார் பதில் சொல்றதுன்னு சொல்லிக் கொடுத்தாங்களா?"

"சீக்கிரமா ரியாக்ட் பண்ணச் சொன்னாங்க சார்."

அதுதான் கைகூப்பும் பொம்மை.

அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் அந்தப் பயிற்சி முறைமேல். "சமூகத்தை ஈடுபடுத்துதல்" என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். எந்தச் சமூகம் என்று கேட்டுப் பாருங்கள். தாண்டிக்குடிப் பெண்களா? இல்லை. சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் உட்கார்ந்து நன்கொடை கொடுக்கிறவர்கள். கொடுக்கிறவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் கொடுக்காவிட்டால் ஹோஸே இல்லை. ஆனால் கொடுக்கிறவருடன் பேசுவதை வாங்குகிறவருடன் பேசுவதாகச் சொல்லிக்கொள்வது பொய். அந்த அம்மாவின் முகம் அங்கே இருந்தது. அவருடைய பேச்சுக்குத்தான் அங்கே இடம் இல்லை.

"அப்படியானால் சமூக ஊடகத்தால் மலைக்கு நன்மையே நடக்கவில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நடந்தது. நம்முடைய கொடைக்கானலிலேயே நடந்தது. அதை நேர்மையாகச் சொல்லாமல் என் கட்சியை மட்டும் பேசினால் நான் வழக்கறிஞர் ஆகிவிடுவேன்.

செயின்ட் மேரீஸ் ரோட்டிலிருந்த தெர்மாமீட்டர் கம்பெனியை பழைய கொடைக்கானல்காரர்கள் மறக்க மாட்டார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த பாதரசத் தொழிற்சாலையைப் பெயர்த்துக் கொண்டுவந்து 1980களின் ஆரம்பத்தில் இங்கே வைத்தார்கள். முதலில் பாண்ட்ஸ், பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. மலையில் வேலை கிடைக்காத பிள்ளைகளுக்கு அது பெரிய வேலை. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி குவியலாகக் கிடந்ததை ஊர்க்காரர்களும், பழனி மலைப் பாதுகாப்புக் கழகமும், கிரீன்பீஸும் சேர்ந்து வெளியே கொண்டுவந்தார்கள். சுமார் 7.4 டன். அந்த மாசமே ஆலை மூடப்பட்டது. 2003-ல் 290 டன் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. வெள்ளைக்காரன் ஊர்க் குப்பை நம் ஊருக்கு வருவதைத்தான் பார்த்திருக்கிறோம். குப்பை திரும்பிப் போனதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஆனால் வேலை பார்த்தவர்கள் கதை முடியவில்லை. தங்களுக்குப் பாதரசத்தால் உடம்பு கெட்டது என்று முன்னாள் தொழிலாளர்கள் சொன்னார்கள். வேலையால் உடல்நலம் கெடவில்லை என்று கம்பெனி சொன்னது. தொழிலாளர்கள் சங்கம் வைத்தார்கள், மனு கொடுத்தார்கள், 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். வருஷங்கள் ஓடின. மலைக்குக் கீழே யாருக்கும் அது ஞாபகம்கூட இல்லை.

2015 ஜூலை 30-ம் தேதி யூட்யூபில் ஒரு பாட்டு வந்தது. சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் பாடியது, 'கொடைக்கானல் வோண்ட்' என்று பெயர். ஜட்கா என்ற பிரசார அமைப்பு வெளியிட்டது. அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜின் மெட்டு. சில நாட்களில் லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். அந்தப் பாடகியே ட்விட்டரில் அதைப் பகிர்ந்தார். யூனிலீவரின் தலைவராக அப்போது இருந்த பால் போல்மன் ட்விட்டரில் பதில் எழுத வேண்டியதாயிற்று. அடுத்த மார்ச்சில், அதாவது 2016-ல், 591 முன்னாள் தொழிலாளர்களுடன் கம்பெனி சமரசம் செய்துகொண்டு தொகை கொடுத்தது.

என் பேரன் அந்தப் பாட்டை எனக்குப் போட்டுக் காட்டியபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் பிடிக்கவில்லை. என்னடா இது, விஷத்தைப் பற்றி ஆட்டம் போட்டுப் பாடுகிறார்கள் என்றேன். இப்போது யோசித்தால் அது சரியான வேலை என்று தெரிகிறது. ஏன் சரி? இதைத்தான் பயிற்சி கொடுக்கிறவர்கள் சொல்லித் தருவதில்லை.

முதலாவது, அந்தப் பாட்டு யாரைப் பார்த்துப் பேசியது என்பதில் குழப்பமே இல்லை. ஒரு கம்பெனி. அதன் தலைமை வெளிநாட்டில். அதனால் ஆங்கிலம். மூஞ்சிக்கல் பெரியவருக்குப் புரியவில்லையே என்று கேட்க முடியாது. அவருக்காகப் போட்ட பாட்டு இல்லை அது, அவருக்குப் பதிலாக இன்னொருவரைக் கேட்ட பாட்டு.

இரண்டாவது, கேட்டது என்ன என்பதிலும் குழப்பம் இல்லை. தொழிலாளர்களுக்கு ஈடு கொடு, மண்ணைச் சுத்தம் செய். 'எங்களை லைக் பண்ணுங்கள்' என்று கேட்கவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். பாட்டுக்குப் பின்னால் பதினாலு வருஷ வேலை இருந்தது. இரும்புக் கடையில் கண்ணாடியை எடைபோட்டுப் பார்த்தவர்கள், பெயர்ப் பட்டியல் வைத்திருந்த தொழிலாளர் சங்கம், நீதிமன்றக் கட்டு, சென்னையில் நித்யானந்த் ஜெயராமன் மாதிரி விடாமல் எழுதிக்கொண்டிருந்தவர்கள். இவ்வளவும் கட்டிய வீட்டுக்கு அந்தப் பாட்டு காலிங் பெல். வீடே கட்டாமல் காலிங் பெல்லை மட்டும் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அடித்தால் யார் வந்து கதவைத் திறப்பார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 591 பேர் கணக்கு தீர்ந்த பிறகும் மண் கணக்கு தீரவில்லை. ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசம் விடலாம் என்ற வாதம் தொடர்ந்தது. கம்பெனி தரப்புக்கு 20 என்ற அளவு போதும். போராடியவர்கள் அது போதாது, ஐரோப்பாவில் இப்படி விடுவீர்களா என்றார்கள். ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை இருக்கிறது. 2018-ல் சோஃபியா அஷ்ரஃப் மறுபடி பாடினார், கூடவே டி.எம். கிருஷ்ணாவும் பாடினார். முதல் பாட்டுக்கு எழுந்த சத்தம் இரண்டாவதுக்கு எழவில்லை. கூட்டம் ஒரு தடவை வரும், கை தட்டும், அடுத்த கடைக்குப் போய்விடும். இரண்டாம் தடவையும் வரும் என்று நம்பி ஒரு அமைப்பு நடத்த முடியாது. மண்ணைச் சோதிக்கிறவன் மட்டும் திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும்.

சமூக ஊடகமே இல்லாத காலத்திலும் இந்த மலையில் சண்டை நடந்து ஜெயித்திருக்கிறது என்பதையும் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1990களில் ஏழு மாடி ஓட்டல் விவகாரத்தில் அந்தப் பழனி மலைப் பாதுகாப்புக் கழகம்தான் கோர்ட்டுக்குப் போனது. எதிரே இருந்தது மாநில அரசாங்கமே. அப்போது அவர்களிடம் ஃபேஸ்புக் பக்கம் இல்லை. டைப்ரைட்டரும், தபால் தலையும், எங்கள் டெலிபோனும்தான். ஆனால் எந்த மாடிக்கு எந்த விதி என்பது விரல் நுனியில் இருந்தது.

இப்போது படத்துக்கு வருகிறேன். முகம் தெரியும் படம்.

பாதரசம் என்றதும் உலகம் நினைப்பது ஜப்பானின் மினமாட்டாவை. 1956-ல் அங்கே அந்த நோய் அதிகாரபூர்வமாகத் தெரியவந்தது. ஆலைக் கழிவு கடலில் கலந்து, மீனில் ஏறி, மீன் சாப்பிட்ட தாயின் வயிற்றுக் குழந்தைவரை போனது. அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் 1971-ல் அங்கே போய்த் தங்கி, நோயால் முடங்கிய மகளைத் தாய் குளிப்பாட்டும் படம் ஒன்றை எடுத்தார். அடுத்த வருஷம் லைஃப் பத்திரிகையில் வந்தது. உலகமே அழுதது. அந்த ஊருக்கு அந்தப் படம் செய்த நன்மைக்கு அளவில்லை. அந்தப் பெண் 1977-ல் இறந்துபோனாள். ஆனாலும் படம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில், இனி அவள் ஓய்வெடுக்கட்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள். படத்தின் உரிமை வைத்திருந்த அய்லீன் ஸ்மித், புகைப்படக்காரரோடு அங்கே வாழ்ந்தவர், 1998-ல் அந்த விருப்பத்தை ஏற்றுக்கொண்டு புதிதாக வெளியிடுவதை நிறுத்தினார்.

உலகப் புகழ் பெற்ற படத்துக்கே இந்த மரியாதை கிடைத்திருக்கிறது. அங்கேயே போய் வாழ்ந்த ஒருவர் எடுத்த படம் அது. நாம் ஒரு மத்தியானம் ஜீப்பில் போய், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்து, மூக்கு ஒழுகும் முகத்தைப் பளிச்சென்று எடுத்து, பெயரும் ஊரும் போட்டு உலகத்துக்கு அனுப்புகிறோம். அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயசாகி, பெண் பார்க்கப் போகும் இடத்தில் யாராவது அந்தப் படத்தைக் காட்டினால்? தானம் வாங்கிய முகம் என்று முத்திரை குத்த நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் காட்டக்கூடாது என்று 2015-ன் இளைஞர் நீதிச் சட்டமே சொல்கிறது, 74-வது பிரிவு. சட்டம் கிடக்கட்டும். நம் வீட்டுப் பிள்ளை ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியாமல் நிற்கும் படத்தை நாம் போடுவோமா? அந்த ஒரு கேள்வி போதும்.

கருவியைக் கண்டு நான் பயப்படவில்லை என்றேன். இரண்டு சம்பவம் சொல்கிறேன். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில், எந்தத் தெருவில் எத்தனை பேர் மாட்டியிருக்கிறார்கள், எந்த வீட்டில் இடம் இருக்கிறது, படகு எங்கே என்று இளைஞர்கள் ட்விட்டரிலும் வாட்ஸ்அப்பிலும் பட்டியல் போட்டுச் சரிபார்த்து ஆட்களைக் காப்பாற்றினார்கள். அது நம் தமிழ்நாடு. 2018 மே மாசம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் புரளியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த 65 வயசு அம்மாவை ஊர்க்காரர்கள் அடித்தே கொன்றார்கள். அதுவும் நம் தமிழ்நாடு. அந்த வருஷம்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி செய்தது. இரண்டிலும் ஒரே போன்தான். முதலாவதில் வந்த செய்தி உண்மையா என்று திரும்பக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இரண்டாவதில் யாரும் கேட்கவில்லை.

எங்கள் துறையில் 198 என்று ஒரு நம்பர் இருந்தது. போன் பழுதானால் பக்கத்து வீட்டிலிருந்து 198-க்குக் கூப்பிட்டுப் புகார் சொல்ல வேண்டும். டாக்கெட் நம்பர் கொடுப்போம். லைன்மேன் போய்ச் சரி செய்து, அந்த வீட்டு போனிலிருந்தே டெஸ்டிங்குக்குக் கூப்பிட்டு, 'சந்தாதாரர் பக்கத்தில் இருக்கிறார், பேசுகிறார்' என்ற பிறகுதான் டாக்கெட்டை மூட வேண்டும். எல்லோரும் ஒழுங்காகச் செய்தோம் என்று பொய் சொல்ல மாட்டேன். எங்கள் துறையைத் திட்டாத வாய் இருந்ததில்லை. ஆனால் விதி சரியான விதி. பழுது தீர்ந்ததா என்று சொல்ல வேண்டியவர் சந்தாதாரர், லைன்மேன் இல்லை.

தொண்டு நிறுவனங்களுக்கு என் யோசனையும் இதுதான். பெரிய செலவில்லை.

பக்கத்துக்கு எழுதி வருகிற ஒவ்வொரு புகாருக்கும் ஒரு எண் போடுங்கள். இத்தனை நாளில் பதில் என்று சொல்லுங்கள். தீர்ந்ததா என்று புகார் சொன்னவரிடமே கேட்டு, அதையும் அங்கேயே எழுதுங்கள். திட்டி எழுதினாலும் மறைக்காதீர்கள். மறைத்துவிட்டால் நம் கண்ணை நாமே கட்டிக்கொண்ட மாதிரி.

எழுதத் தெரியாதவர்களுக்கும் வாய் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள். தமிழில், அவர்கள் பேசுகிற தமிழில். ஆங்கிலத்தில் போஸ்ட் போடுவது நன்கொடையாளருக்கு என்றால் போடுங்கள், தப்பில்லை. ஊருக்கு என்று சொல்லி ஆங்கிலத்தில் போடாதீர்கள்.

சிக்னல் இல்லாத ஊரை மறக்காதீர்கள். நடந்தே போக வேண்டிய ஊர்கள் இருக்கின்றன. காட்டோரத்துப் பளியர் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கே ரேஷன் கடைச் சுவரில் ஒட்டும் ஒரு காகிதம் ஆயிரம் ஃபேஸ்புக் போஸ்டுக்குச் சமம். நம் கொடை பண்பலை 100.5 காட்டுவேலை செய்கிறவர் இடுப்பில் செருகிய ரேடியோவிலும் கேட்கும். புதிசு வந்தால் பழசைத் தூக்கி எறிய வேண்டும் என்று யார் சொன்னது?

ஃபேஸ்புக் பக்கம் நம் வீடு இல்லை, வாடகை வீடு. எந்தப் படம் யார் கண்ணில் பட வேண்டும் என்று வீட்டுக்காரர்தான் தீர்மானிக்கிறார். விதி மாறினால் நம் பத்தாயிரம் பேரும் ஒரே நாளில் காணாமல் போவார்கள். அதனால் ஊர்வாரியாக ஆட்களின் போன் நம்பரை, அவர்கள் சம்மதத்தோடு, நம் கைவசம் ஒரு நோட்டில் வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக, தோல்வியையும் எழுதுங்கள். 'குழாய் உடைந்தது, ஆறு மாசம் எங்களுக்குத் தெரியவில்லை, எங்கள் தப்பு' என்று எழுதினால் நன்கொடை நின்றுவிடும் என்று பயப்படுகிறார்கள். 2014-ல் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் போட்டி உலகம் முழுக்க ஓடியது. அது வெறும் விளையாட்டு என்று நானும் சிரித்தேன். ஆனால் அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு அதில் 11 கோடி டாலருக்கு மேல் வந்தது. அந்தப் பணத்தின் உதவியோடு நடந்த ஆராய்ச்சியில், நோயோடு தொடர்புள்ள மரபணு ஒன்று 2016-ல் அடையாளம் காணப்பட்டது. சங்கம் அதைச் சொன்னபோதுதான் ஊற்றிய தண்ணீருக்கு அர்த்தம் வந்தது. ஜனங்கள் முட்டாள் இல்லை. பணம் என்ன ஆனது என்று சொன்னால் கேட்பார்கள். சொல்லாமல் அடுத்த சிரித்த முகத்தைக் காட்டினால் அவர்களும் சிரித்துவிட்டுப் போவார்கள்.

நன்கொடை கொடுக்கும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. லைக் போடுவதற்கு முன் படத்தின் தேதியைப் பாருங்கள். 'இப்போதும் தண்ணீர் வருகிறதா?' என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். பத்துப் பேர் அப்படிக் கேட்டால் போதும், எங்கள் செயலாளர் வாரம் மூன்று போஸ்ட் போடும் நேரத்தில் ஒரு தடவை மலையேறிப் பார்த்துவிட்டு வருவான்.

தாண்டிக்குடிக் கதையை முடிக்கவில்லையே. கமிட்டிக் கூட்டத்தில் பேசினேன். கொஞ்சம் சத்தமாகவே பேசினேன். இரத்த அழுத்த மாத்திரையை அன்றைக்குக் கூடுதலாக ஒன்று போட வேண்டியதாயிற்று. ராஜினாமாக் கடிதமும் பையில் இருந்தது. கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஊருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். அந்தப் பேரன், ஹோஸ் ஒட்டத் தெரிந்த ஒரு ஆள், எங்கள் களப்பணியாளர், ஊரில் போன் வைத்திருக்கும் இரண்டு பெண்கள், நான். மொத்தம் ஆறு பேர். 'காலை வணக்கம்' படம் அனுப்பினால் வெளியேற்றுவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். உடைந்த இடத்தை ஒட்டி, காட்டெருமைத் தடத்தில் ஹோஸை மண்ணுக்குள் புதைத்ததில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு தடவை நின்றது, மூன்றாம் நாள் சரியானது. அந்தக் குழுவுக்கு ஒரு லைக்கும் கிடையாது.

படத்தை என்ன செய்வது என்று செயலாளர் கேட்டான். நீயே போய் அந்த அம்மாவிடம் கேள் என்று அனுப்பினேன். போய்விட்டு வந்து சொன்னான்.

"இருக்கட்டும்னுட்டாங்க சார். பேரனுக்கு அந்தப் படம் பிடிச்சிருக்காம். ஆனா கீழ எழுதச் சொன்னாங்க."

"என்னன்னு?"

"தண்ணி எந்த மாசம் நின்னுச்சு, எந்த மாசம் வந்துச்சுன்னு."

எழுதியிருக்கிறான். நேற்று போய்ப் பார்த்தேன்.